வலிக்காத காவடி

மண்ணை மிதிக்காமல் ஊர் சுற்றும் புண்ணியவான்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், என் வாயில் முதலில் வருவதை யாரும் அச்சில் போடமாட்டார்கள். இருந்தாலும் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது.

என் பெயர் கனகவல்லி. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. தொழில், குதிரை. நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எங்களுக்கு 'மரபு உபசரிப்பாளர்' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆளை ஏற்றிக்கொண்டு நடப்பதற்கு வேறென்ன பேர் வைப்பது? நாங்களே எங்களைக் குதிரை என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

விமானப் பயணத்துக்குப் பங்கீடு வந்தது. காட்டிலும் குகையிலும் பழைய கோயிலிலும் வெளியூர்க் கால் படக்கூடாது என்று சட்டம் வந்தது. மிதித்து மிதித்தே பாதி உலகத்தைப் பாழாக்கியவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. ஆனால் ஆசை மட்டும் விடுமா? அப்போதுதான் 'சிஃபார்' நிறுவனம் வந்தது. மலாயில் சிஃபார் என்றால் சுழி. சுழியத் தடம், சுத்தமான பயணம் என்பது அவர்கள் பெருமை. எங்கள் தலைத்தோலுக்கு அடியில் முடியைவிட மெல்லிய வலை ஒன்றைப் பதிப்பார்கள். நோர்வேயிலோ சென்னையிலோ ஒருவர் தொப்பியை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுப்பார். நான் பெலும் காட்டில் நடப்பேன். என் கண் பார்ப்பதை அவர் பார்ப்பார், என் மூக்குக்கு எட்டும் வாசனை அவருக்குப் போகும். அவருடைய தொப்பியில் பச்சை இலை ஒன்று மினுங்கும். அவர் பூமியைக் காப்பாற்றிவிட்டார் என்று அதற்கு அர்த்தமாம். அட்டை கடித்து ரத்தம் ஒழுகுவது என் காலில்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே நான் மேலாளர் லோகேந்திரனிடம் கேட்டேன். கோலாலம்பூர் பையன், முப்பது வயதிருக்கும், தேன் ஒழுகப் பேசுவான்.

"தம்பி, அங்க அவங்களுக்குத் தெரியுது சரி. அப்ப எனக்கு?"

"அக்கா, உணர்ச்சிய நகலெடுக்க முடியாதுக்கா. ஒரு கிண்ணத்துப் பால இன்னொரு கிண்ணத்துல ஊத்துற மாதிரி. அங்க போனா இங்க கொறையும். யாராவது ஏறிட்டா உங்களுக்கு ஒன்னும் மிஞ்சாது. சவாரி முடிஞ்சா சரியாயிரும்லா."

"பாதியில எறங்கிட்டாங்கன்னா?"

"அவங்க பங்கு மத்தவங்களுக்குப் போகும். எல்லாரும் எறங்கிட்டா முழுசும் உங்களுக்கே திரும்பிரும். உங்க பொருள் உங்களுக்குத்தான்க்கா, நாங்க என்னா வச்சிக்கவா போறோம்?"

ஏதோ எனக்குத் தானம் கொடுப்பவன் போலச் சிரித்தான்.

ஆக, சவாரி நாளில் டுரியான் தின்றால் ஈரப் பஞ்சைத் தின்பது மாதிரி இருக்கும். ஆற்றில் முகம் கழுவினால் தண்ணீர் குளிராது. காட்டில் யானை எதிரே வந்து நின்றாலும் பயம் வராது, பயமும் அவர்களுக்குப் போய்விடும். போன வருடம் அப்படிப் பயமில்லாமல் நின்ற ஒரு குதிரையை யானை மிதித்துவிட்டது. ஏறியிருந்தவர்கள் மறக்க முடியாத அனுபவம் என்று ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். தூ!

என் தம்பி குணாளனும் குதிரைதான். அவனுக்குத்தான் கிராக்கி அதிகம். மின்மினிகள் மொய்க்கும் ஆற்றங்கரைக்கு அவன் படகில் போவான். மரம் முழுக்க மினுக்மினுக் என்று எரியுமாம். அவன் வீட்டுக்கு வந்ததும் மனைவி ரேணுகா, "எப்படிங்க இருந்திச்சி?" என்று கேட்டால், "என்னமோ லைட்டு எரிஞ்சிச்சி" என்பான். அவள் யோசித்துப் பார்த்தாள். அவன் போகும் சில நாட்களில் அவளும் தொப்பி மாட்டி அவன் மேல் ஏறிக்கொள்வாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவன் பார்த்ததை அவனுக்கே எடுத்துச் சொல்வாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். புருஷன் பெண்டாட்டி இப்படியும் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது.

ஆனால் குதிரைகளுக்கு ஒரு லாபமும் உண்டு. வலியும் சேர்ந்துதான் போகும். பல் பிடுங்க வேண்டியவர்கள் சவாரி நேரத்தில் மருத்துவரிடம் போய் உட்கார்ந்துவிடுவார்கள். குகை ஓவியம் பார்க்க ஏறிய எவனோ ஒருவன் கடைவாயைப் பிடித்துக்கொண்டு அலறுவான். நிறுவனம் கண்டுபிடித்தால் சம்பளத்தில் கை வைக்கும். இருந்தும் எங்கள் ஆட்கள் விடுவதில்லை. எனக்குக்கூட அதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது.

அந்தச் சாமர்த்தியம்தான் கடைசியில் சாமி வரைக்கும் போனது.

குணாளனின் மகள் யாஷினிக்கு எட்டு வயது. போன வருடம் டெங்கி காய்ச்சல் வந்து ஈப்போ மருத்துவமனையில் கிடந்தாள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், மருத்துவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். குணாளன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விழுந்து கும்பிட்டு, "முருகா, பிள்ளைய திருப்பிக் குடுத்துரு. அலகு குத்திக் காவடி எடுத்து மலை ஏறி வர்றேன்" என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு வந்து கோழிச்சாறு கேட்டாள்.

என் தம்பி நல்லவன், யாருக்கும் தீங்கு நினைக்காதவன். ஆனால் பயந்தாங்கொள்ளி. ரத்தப் பரிசோதனைக்கு ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தவன். கன்னத்தில் வேல் ஏற்றவேண்டும் என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தைப்பூசம் நெருங்க நெருங்க ஆளே பாதியாகிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் லோகேந்திரன் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். யாஷினி அப்பா மடியில் உட்கார்ந்து தேத்தண்ணீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, காடு, குகை, மின்மினி எல்லாம் பழசா போச்சி. இப்ப எல்லாரும் மரபு கேக்குறாங்க. ஆழமான மரபு. நீங்க காவடி எடுக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அத சவாரியா பண்ணலாம். நாப்பதாயிரம் பேராவது ஏறுவாங்க. வழக்கமா வலிக்கு ஒரு வரம்பு வச்சிருப்போம். இதுக்காக அதையும் எடுத்துட்டோம். முழு அனுபவம்!"

"நேர்த்திக்கடன் தம்பி அது. வேடிக்கை இல்ல," என்றேன் நான்.

"தெரியும்க்கா, நானும் முருக பக்தன்தான். கோயில் தலைவர்கிட்ட பேசிட்டேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். புது கழிப்பறை கட்டித் தர்றோம்னு சொல்லியிருக்கோம்."

குணாளன் மெதுவாகக் கேட்டான். "அப்ப... எனக்கு வலிக்காதா?"

"நாப்பதாயிரம் பேரு எதுக்குண்ணே? ஒரே ஒரு ஆளு ஏறியிருந்தாக்கூட உங்களுக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

அவன் முகத்தில் ரத்தம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். மரண தண்டனையிலிருந்து தப்பித்தவன் மாதிரி மகள் தலையைத் தடவினான்.

"ஒன்னே ஒன்னுதான் அண்ணே," என்றான் லோகேந்திரன். "அன்னிக்குப் பாப்பா வீட்டுலயே இருக்கட்டும்."

"ஏன்? அவளுக்காகத்தானே காவடியே?" ரேணுகா சட்டென்று கேட்டாள்.

"பாசம் கலந்துரும் அண்ணி. போன மாசம் ஒரு உபசரிப்பாளர் கடற்கரையில நடந்துக்கிட்டிருக்கையில எதிர்ல அவரோட அம்மா வந்துட்டாங்க. அந்தப் பாசம் ஏறியிருந்த எல்லாருக்கும் போயிருச்சி. கடல் பாக்க காசு கட்டுனோம், எவளோ ஒரு கெழவிய நெனச்சி அழுதுட்டு வந்தோம்னு ஒரே புகார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கேக் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். யாஷினி அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

அவன் போனதும் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, வாய் தொறந்து வேண்டுனது நீ. வலிய வாங்கிக்க வெளிநாட்டுக்காரனா?"

"அருள் வந்தா யாருக்கும் வலிக்காதுன்னு நீதானேக்கா சொல்லுவ? எப்படியும் வலிக்கப் போறதில்ல. அப்பறம் என்னா?"

"அருள் வந்து வலிக்காம போறது வேற. ஆள் வச்சி வலிக்காம போறது வேற. பயந்தாங்கொள்ளி!"

"அத்தை, அப்பாவ திட்டாதீங்க," என்று யாஷினி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பாவுக்கு ஊசின்னா பயம். எனக்கு ஊசி போட்டப்பவும் அப்பாதான் அழுதாரு."

ரேணுகா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

தைப்பூசத்தன்று காலையில் யாஷினியைப் பக்கத்து வீட்டு ரோஹானி மக்சிக்கிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். மக்சிக் என்றால் மலாயில் அத்தை. நல்ல மலாய்க்கார அம்மா. பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். "நானும் வர்றேன், நானும் வர்றேன்" என்று யாஷினி அழவில்லை. கையாட்டி அனுப்பினாள். சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கோயில் ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றின் குகையில் இருக்கிறது. ஆற்றில் குளித்து, கரையில் அலகு குத்தி, தார்ச்சாலையில் நடந்து, படியேற வேண்டும். கூட நடக்க நிறுவனம் என்னைப் போட்டிருந்தது. கையில் ஒரு டேப்லெட். எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று அதில் ஓடும். அன்றைக்கு என் வலையை அணைத்துவிட்டிருந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு உறுமிச் சத்தம் என் வயிற்றிலேயே வந்து விழுந்தது. ஊதுபத்தி வாசனை முழுசாக எனக்கே கிடைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சும்மாவே.

நாற்பதாயிரம் என்று அவன் சொன்னது குறைவு. அதற்கு மேலேயே ஏறியிருந்தார்கள். நோர்வேயிலிருந்து யோகா வகுப்பு ஒன்று முழுசாக. சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனி, 'வேர்களைத் தேடி' என்று பதாகை போட்டுக்கொண்டு. வேரைத் தேடுகிறவர்கள் பக்கத்துத் தெரு முருகன் கோயிலில் ஒரு அலகு குத்திக்கொள்ள வேண்டியதுதானே? அதற்குச் சுங்கை சிப்புட்டில் என் தம்பி கன்னம் வேண்டியிருக்கிறது.

அலகு குத்தும் சந்தனசாமி அண்ணன் விபூதியைக் குணாளன் முதுகில் அப்பி, முதல் கொக்கியை மாட்டினார். குணாளன் பேருந்துக்கு நிற்பவன் மாதிரி நின்றான். சந்தனசாமி அண்ணன் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னாம்மா, அருளே வரலியே? ஆளு கல்லு மாதிரி நிக்கிறான்?"

"நீங்க குத்துங்கண்ணே. இது கம்பெனி காவடி," என்றேன்.

அவர் முகம் சுளித்தார். ஆனால் குத்தினார்.

டேப்லெட்டைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓடுகிறார்கள்! முதல் கொக்கிக்கே ஆயிரக்கணக்கில் குதித்து ஓடுகிறார்கள். 'இது சித்திரவதை.' 'உங்கள் பண்பாட்டை மதிக்கிறேன், ஆனாலும் பணத்தைத் திருப்பித் தரவும்.' 'இவ்வளவு வலிக்கும் என்று விளம்பரத்தில் சொல்லவில்லை.' யோகா வகுப்பு மூன்றாவது கொக்கியில் மொத்தமாகக் காலி. சென்னைக் கம்பெனி கொஞ்சம் தாக்குப்பிடித்து, நாக்கில் வேல் ஏறும்போது வேரும் வேண்டாம் விழுதும் வேண்டாம் என்று கழன்றுகொண்டது. அட வீரர்களே! இத்தனை பேர் சேர்ந்து பங்கு போட்டும் ஒரு மனிதனுடைய வேண்டுதலைத் தாங்க முடியவில்லை உங்களுக்கு.

ஒவ்வொருத்தர் இறங்க இறங்க, இருப்பவர்களுக்குப் பங்கு ஏறும். ஏற ஏற அவர்களும் இறங்குவார்கள். சரசரவென்று சரிந்தது. கன்னத்தில் பெரிய வேல் ஏறிக் காவடியைத் தோளில் தூக்கி வைக்கும்போது சில நூறுதான். தார்ச்சாலையில் வெயிலில் நடக்கும்போது பத்துப் பதினைந்து. நான் மனதுக்குள் முருகனைக் கும்பிட்டேன். இன்னும் கொஞ்சம் பேர்தான், இவர்களும் ஓடிவிட்டால் முழுசும் அவனுக்கே திரும்பிவிடும். அலறட்டும். அருள் வரட்டும். வாங்கிய கடனை அவனே கட்டட்டும்.

படிக்கட்டின் அடியில் டேப்லெட் 'ஒன்று' என்று காட்டியது.

நான் குணாளன் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏறினேன். இப்போது விழுவான், இப்போது கத்துவான். ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியாக, கடைக்குப் போகிறவன் மாதிரி ஏறினான். பால்குடத்தோடு பின்னால் வந்த ரேணுகா 'வேல் வேல்' என்று அழுதாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்து, வாயில் வேலோடு, ஒன்றுமில்லை என்று கண்ணால் சொன்னான்.

டேப்லெட்டில் அந்த ஒன்று அசையவேயில்லை.

லோகேந்திரனைக் கூப்பிட்டேன். "தம்பி, ஒருத்தருதான் இருக்காரு. அவரு நெலம என்னாவும்? நிறுத்திரலாமா?"

"ஐயோ, வேண்டாம்க்கா! அவரு விருப்பப்பட்டுத்தான் இருக்காரு. எப்ப வேணும்னாலும் கழட்டிக்கலாம். இவ்வளவு தாங்குன வாடிக்கையாளர் நமக்குக் கெடச்சதே இல்ல."

யாராக இருக்கும்? ஏறுகிற வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. ஜப்பானில் ஒரு புத்த பிக்குவா? போரில் காயம்பட்ட கிழட்டுச் சிப்பாயா? பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வேறு வலி எதையாவது தேடுகிற தாயா? யாராக இருந்தாலும் எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை வந்துவிட்டது. சவாரிக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை வருவது அதுதான் முதல் முறை. மேலே போய்ச் சாமி முன்னால் நின்றபோது, "முருகா, அந்த ஆளு நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டேன். தம்பிக்காகக்கூட அப்புறம்தான் கும்பிட்டேன்.

அலகு இறக்கி, விபூதி வைத்து, காரில் ஏறினோம். நான் ஓட்டினேன். ரேணுகா பக்கத்தில். குணாளன் பின்னால் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் போல உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தான்.

"பாத்தியாக்கா? ஒரு சொட்டு வலியில்ல. வேண்டுதலும் முடிஞ்சிச்சி, கம்பெனியும் சந்தோஷம். இப்பகூட ஒன்னும் தெரியல பாரேன்."

இப்பகூடவா? மடியில் கிடந்த டேப்லெட்டைப் பார்த்தேன். இன்னும் ஒன்று. சவாரி முடியவில்லை. ஆள் இருக்கும்வரை நிறுவனம் மூடாது. நான் மறுபடி லோகேந்திரனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அந்த ஆளு இன்னும் எறங்கல. பேரு, ஊரு சொல்லு. எங்க இருந்தாலும் பிரசாதம் அனுப்பணும்."

"நானும் அததான்க்கா பாக்குறேன். விளம்பரத்துக்கு ஒரு பேட்டி எடுக்கலாம்னு... இருங்க. இது வெளிநாட்டுக் கணக்கு இல்லியே." விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "அக்கா, இது உங்க வீட்டு அண்ணி பேர்ல இருக்கு. குடும்பச் சலுகைத் தொப்பி. அண்ணியா ஏறியிருக்காங்க?"

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ரேணுகா காலிப் பால்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் தொப்பி இல்லை. தொப்பி வீட்டில் இருந்தது.

ரேணுகா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அன்றைக்கு எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

ரோஹானி மக்சிக் தம்பி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலேயே இருக்கிறேன் என்று பிள்ளை அடம்பிடித்து அவரை இங்கே கூட்டி வந்ததாம். அறைக்குள் தூங்கப் போகிறேன், கதவைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

யாஷினி கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையணை உறையின் முனையை வாயில் கடித்துக்கொண்டு. அவளுக்குப் பெரியதான அந்தத் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. மினுங்கும் பச்சை இலை. உடம்பெல்லாம் வேர்வை. கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் உறையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்பா, உங்க வலது கால்ல கண்ணாடி ஏறியிருக்கு," என்றாள். குரலே இல்லை அவளுக்கு. "ஆத்தாங்கரையிலேயே ஏறிருச்சி. மொத அத எடுங்கப்பா."

குணாளன் கீழே பார்த்தான். நாங்களும் பார்த்தோம். வாசலிலிருந்து கட்டில்வரை ஒற்றைக் கால் தடம், சிவப்பாக, ஒன்று விட்டு ஒன்றாக வந்திருந்தது. அவனுக்கு இந்த நிமிடம்வரை தெரியாது.

ரேணுகா பாய்ந்து தொப்பியைப் பிடித்தாள். யாஷினி இரண்டு கையாலும் அதை அழுத்திக்கொண்டாள்.

"கழட்டாதீங்கம்மா! நான் எறங்குனா அப்பாவுக்கு வலிக்கும். உள்ள நம்பர் காட்டுதும்மா. எல்லாரும் போயிட்டாங்க. ஒன்னுதான் இருக்கு. அது நான்தான்."

"சாமி... சாமியாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். எதற்கு அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. அந்தப் பிஞ்சுக்குக் கொஞ்சமாவது துணை இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன் போல.

அவள் யோசித்தாள். "யாரும் வரல அத்தை."

குணாளன் மகள் முன்னால் மண்டியிட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. ஊசியைப் பார்த்தால் வெளுக்குமே, அப்படி. பயப்படுகிறான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"குடும்மா," என்றான். "அது அப்பாவோடது."

"வேணாம்ப்பா."

"குடுத்துரு தங்கம்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தொப்பியைத் தூக்கி எடுத்தான். என் கையிலிருந்த டேப்லெட்டில் சுழி வந்தது. 'பயணம் நிறைவுற்றது. பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது' என்று எழுத்து ஓடியது. அதைச் சுவரில் அடித்தேன்.

தம்பி கத்தியதை நான் சொல்லப்போவதில்லை. கன்னம், நாக்கு, முதுகு, தோள், வெந்த பாதம் எல்லாம் ஒரே நேரத்தில் அவனுக்குத் திரும்பியது. பக்கவாட்டில் சரிந்து சிமெண்டுத் தரையில் சுருண்டான். மக்சிக் தொலைபேசியை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ரேணுகா யாரைத் தூக்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். யாஷினி சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். கால் தரையில் பட்டபோது அவள் முகம் சுளிக்கவில்லை; வலி இப்போது அவளிடம் இல்லை. அப்பாவின் தலைப்பக்கம் உட்கார்ந்து, விபூதி அப்பியிருந்த நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"நான்தான் சொன்னேன்லப்பா," என்றாள். "வலிக்குதுல்ல?"

"ஆமாம்மா," என்றான் குணாளன். வேல் ஏறிய நாக்கில் வார்த்தை குழறியது. "அப்பாவுக்கு நல்லா வலிக்குதும்மா."